அப்பாவோட காது மெஷினுக்காக ஹாலைச் சுத்தி ஓட்டின வயர்

போன ஞாயித்துக்கிழமை ராத்திரி அப்பா டிவி முன்னாடி உக்காந்து செய்தி முழுசா கேட்டாரு. டிவி வால்யூம் 14. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் அதே டிவி 58ல அலறும், அப்படியும் "என்னடா சொல்றான் அவன்"னு எங்கிட்ட கேப்பாரு, நான் கத்திச் சொல்லணும், கடைசில அவரே எழுந்திரிச்சு திண்ணைக்குப் போயிருவாரு. அதைப் பாக்க முடியாமத்தான் இந்த வேலைய ஆரம்பிச்சேன். இப்ப ஓடுது. நடுவுல நிறைய தப்பு பண்ணேன், அதையும் சேர்த்து எழுதி வச்சா வீட்ல காது கேக்காத பெரியவங்க இருக்கிற யாருக்காவது உதவும்.

அப்பா ராஜபாளையத்துல ஸ்பின்னிங் மில்லுல 31 வருஷம் வேலை பாத்தவரு, ரிங் ஃப்ரேம் டிபார்ட்மெண்ட். அந்தச் சத்தத்துலயே காது போயிருச்சு. ஆடியோகிராம்ல, அதாவது காது பரிசோதனை ரிப்போர்ட்ல, ரெண்டு காதுலயும் இழப்பு 65 டெசிபல் கிட்ட, அதுலயும் கீச்சு சத்தம் பக்கம் இன்னும் மோசம். காதுக்குப் பின்னாடி மாட்டுற டைப் மெஷின், ரெண்டு காதுக்கும் அச்சு எடுத்து மோல்டு போட்டு மூணு வருஷம் ஆச்சு. பக்கத்துல உக்காந்து பேசினா நல்லா கேக்குது. பத்தடி தள்ளி இருக்கிற டிவின்னா சுத்தமா புரியாது, ஏன்னா மெஷினோட மைக் ஃபேன் சத்தம், டைல்ஸ் தரையில எதிரொலிக்கிறது, சமையக்கட்டுப் பாத்திரச் சத்தம் எல்லாத்தையும் சேர்த்துப் பெருசாக்கிக் குடுக்குது. வால்யூமை ஏத்தினா எதிரொலியும் சேர்ந்து ஏறுது, அவ்வளவுதான். ஹெட்போன் வாங்கிக் குடுத்துப் பாத்தேன், மோல்டு மேல அமுக்கினதும் மெஷின் 'கீ'ன்னு விசில் அடிக்குது. ப்ளூடூத் இருக்கிற மெஷின் மாத்தணும்னா ரெண்டு காதுக்கும் சேர்த்து அவங்க சொன்ன விலை எங்க கைக்கு எட்டல.

இந்த மாதிரி மெஷின் பலதுக்குள்ள டெலிகாயில்னு ஒரு குட்டி காயில் இருக்கும், டி-காயில்னும் சொல்லுவாங்க. ஹாலைச் சுத்தி ஒரு வயரை ஓட்டி அதுல டிவி சத்தத்தை கரெண்டா அனுப்பினா, அந்தக் காயில் அதை நேரா எடுத்துக் காதுக்குள்ள குடுத்துரும், மைக்குக்கு வேலையே இல்ல. ஏர்போர்ட், டிக்கெட் கவுண்டர் மாதிரி இடத்துல காது படம் போட்டு ஓரத்துல டி எழுத்து இருக்கிற நீல போர்டு பாத்திருந்தீங்கன்னா அது இதேதான், இண்டக்ஷன் லூப். தியரி இதுக்கு மேல வேணாம், நேரா வேலைக்கு வாரேன்.

எங்க ஹால் 14க்கு 11 அடி, சுத்தளவு 50 அடி. முதல்ல பண்ணது நெட்வொர்க் கேபிள் வச்சு. உள்ள எட்டு கம்பி இருக்கே, ஒரே ஓட்டத்துல எட்டு சுத்து கிடைச்சிரும்னு யோசிச்சு 16 மீட்டர் வாங்கி சுவரோரமா செல்லோடேப் போட்டு ஒட்டி ரெண்டு முனையையும் சேர்த்தேன். சேக்கிறப்பவே முதல் தப்பு. ஆரஞ்சை ஆரஞ்சோட, பச்சையைப் பச்சையோடன்னு கலருக்குக் கலர் சேர்த்துட்டேன், அப்படிச் சேர்த்தா ஒவ்வொரு கம்பியும் தனித்தனி வளையமா மூடிக்கும், ஆம்ப்ளிஃபயர் மாட்ட முனையே மிஞ்சாது. ஒரு கலர் தள்ளித் தள்ளிச் சேர்க்கணும், அப்பத்தான் எட்டும் ஒரே நீள வயரா ஆகி கடைசில ரெண்டு முனை மிஞ்சும். அதைத் திருத்தி மல்டிமீட்டர் வச்சுப் பாத்தேன், 10 ஓம் காட்டுச்சு. சந்தோஷமா டிபிஏ 3116 சிப் போட்ட சின்ன ஆம்ப் போர்டுல ஸ்பீக்கர் மாட்டுற இடத்துல மாட்டி, 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் குடுத்து, போன்ல பாட்டு போட்டேன்.

அப்பா மெஷின் பட்டனை அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு "ஒண்ணும் கேக்கலடா"ன்னாரு.

இங்க ஒரு வாரம் போச்சு. ஆம்ப் சரியில்ல, கேபிள் காப்பர் இல்ல, சுத்து பத்தலன்னு ஒவ்வொண்ணா சந்தேகப்பட்டு இருக்கிற எல்லாத்தையும் பிரிச்சு மாட்டினேன். லூப்பை கேட்டுப் பாக்க எங்கிட்ட கருவி இல்லாததுதான் பிரச்சினைன்னு லேட்டாத்தான் உறைச்சுது. 100 மில்லிஹென்றி இண்டக்டர் (சின்னக் கம்பிச் சுருள்) ஒண்ணு, எல்எம் 386 ஆம்ப் போர்டு ஒண்ணு, 9 வோல்ட் பேட்டரி, பழைய இயர்போன், எல்லாம் சேர்த்து 90 ரூவா. இண்டக்டரை ஐஸ் குச்சி நுனியில செங்குத்தா நிக்கிற மாதிரி ஒட்டினேன், மெஷினுக்குள்ள காயிலும் நின்ன வாக்குலதான் இருக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டு ஹால் நடுவுல நின்னா பாட்டு கணீர்னு கேக்குது, வயர் எங்கயும் தொடாம. அப்ப லூப் வேலை செய்யுது, மெஷின்தான் எடுக்கல.

மெஷின் வாங்கின கடைக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்தா டெலிகாயில் ப்ரோக்ராமே ஆன் பண்ணி வைக்கல, மூணு வருஷமா. பட்டனை அமுக்கினா வெறும் ரெண்டு மைக் ப்ரோக்ராம்தான் மாறி மாறி வந்திருக்கு. "இதெல்லாம் இப்ப யாரும் கேக்கிறதில்ல சார்"னு சொன்னாங்க. உள்ள காயில் இருக்கு, காசு குடுத்து வாங்கியாச்சு, ஆனா இருக்குன்னே எங்களுக்கு யாரும் சொல்லல, அதை நினைச்சா இன்னும் மனசு ஆறல. ரெண்டாவது ப்ரோக்ராம்ல டெலிகாயில் மட்டும், மூணாவதுல டெலிகாயிலும் மைக்கும் சேர்ந்து வைக்கச் சொன்னேன். 500 ரூவா வாங்கினாங்க. நீங்க இந்த வேலைல இறங்குறதா இருந்தா ஒரு ரூவா செலவு பண்ணுறதுக்கு முன்னாடி இதைத்தான் முதல்ல கேளுங்க, மெஷின்ல டி-காயில் இருக்கா, ஆன் பண்ணியிருக்கா. ரொம்பச் சின்ன மாடல்கள்ல இடம் பத்தாம காயிலையே விட்டுருவாங்க, புதுசா வாங்குறப்பவும் இதைக் கேட்டுட்டு வாங்குங்க.

வீட்டுக்கு வந்து ரெண்டாவது ப்ரோக்ராமுக்கான ரெண்டு பீப் வர்ற வரைக்கும் பட்டனை அமுக்கினோம். பாட்டு வந்துச்சு, கூடவே 'ம்ம்ம்ம்'னு ஒரு இரைச்சல். "மில்லுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு"ன்னாரு அப்பா.

லூப்பை ஆஃப் பண்ணினாலும் இரைச்சல் நிக்கல, அப்ப அது வீட்டு வயரிங்ல இருந்து வருது. திரும்ப இண்டக்டர் குச்சியை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு சுவிட்சா ஆஃப் பண்ணிப் பண்ணி நடந்தேன். மீட்டர் பெட்டி பக்கம் இருக்கும்னு எதிர்பார்த்தேன், இருந்துச்சு, ஆனா மூணடி தள்ளினதும் போயிருச்சு. பெரிய குத்தவாளி படிக்கட்டு டியூப்லைட். மாடிப்படிக்கு கீழயும் மேலயும் ரெண்டு சுவிட்ச் இருக்குமில்ல, அந்த டூ-வே சுவிட்ச் வயரிங்ல ஃபேஸ் கீழ்வீட்டுல இருந்தும் நியூட்ரல் மாடியில இருந்தும் எடுத்திருக்காங்க. போறதும் வர்றதும் பக்கத்து பக்கத்துல போனா ஒண்ண ஒண்ணு அடிச்சிரும், இங்க ரெண்டும் வேற வேற வழியா போறதால வீடே ஒரு பெரிய லூப் ஆயிருச்சு, அதுக்கு நடுவுலதான் எங்க ஹால். பழைய சோக் டியூப் வேற, கரெண்டும் ஜாஸ்தி. எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து பாத்துட்டு "லைட் எரியுதுல்ல தம்பி, அப்புறம் என்ன"ன்னு கேட்டாரு, நான் இயர்போனை அவர் காதுல வச்சு சுவிட்சைப் போட்டு அணைச்சுக் காட்டினேன். அதுக்கப்புறம் ஆர்வமா அவரே பைப்புக்குள்ள நியூட்ரலை ஃபேஸ் கூடவே இழுத்துக் குடுத்தாரு. 600 ரூவா கூலி. எல்இடி டியூபா மாத்தினேன், 240. முக்காவாசி இரைச்சல் அதோட போச்சு.

மிச்சம் 'ஸ்ஸ்ர்ர்'னு ஒரு சத்தம், அது ஃபேன் ரெகுலேட்டர். சுத்திக்கிட்டே போற குமிழ் வச்ச எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், நடு ஸ்பீடுல ரொம்ப மோசம், ஃபுல் ஸ்பீடுல இல்ல. அதைக் கழட்டிட்டு 280 ரூவாக்கு கெப்பாசிட்டர் வச்ச ஸ்டெப் ரெகுலேட்டர் போட்டேன். இப்ப டி-காயில் ப்ரோக்ராம்ல லூப் ஆஃப்ல இருந்தா அப்பாவுக்கு நிசப்தம்தான்.

அடுத்தது, கேக்குது ஆனா புரியல. ஒரு பெட்ஷீட்டைப் போத்திக்கிட்டு பேசுற மாதிரி இருக்குன்னாரு. சும்மா நல்லாருக்கா நல்லாருக்கான்னு கேட்டா அவரு எனக்காக நல்லாருக்குன்னு சொல்லிருவாரு, அதனால ஒரு முறை வச்சோம். அம்மா 20 வார்த்தைய என் போன்ல பேசிப் பதிஞ்சாங்க, பருப்பு, சாவி, கதவு, சிவகாசி, பஸ்ஸு, இப்படி. அதை டிவி ஸ்பீக்கர்ல போட்டு, ஃபேனை ஓட விட்டு, அப்பா மைக் ப்ரோக்ராம்ல திருப்பிச் சொன்னதுல 9 சரி. நெட்வொர்க் கேபிள் லூப்ல 11. சாவி 'ஆவி'ன்னு ஆயிருச்சு, பஸ்ஸு 'பத்து'. ச, ஸ எல்லாம் காணாமப் போகுது.

காரணம் அந்த எட்டு சுத்துதான். சுத்து கூடக்கூட வயரோட இண்டக்டன்ஸ் சுத்தோட வர்க்கத்துல ஏறுது, கீச்சு சத்தத்துக்கு வயரே தடையாயிருது. என் கணக்குப்படி 1.2 கிலோஹெர்ட்ஸ் கிட்டயே விழ ஆரம்பிச்சிருக்கு, ச வாழுறதே அதுக்கு மேலதான். அப்பாவுக்கு ஏற்கனவே அந்தப் பக்கம்தான் காது போயிருக்கு. 400 ரூவா கேபிளை உருவிச் சுருட்டி வச்சேன்.

ரெண்டாவது தடவ, வீட்டு வயரிங்குக்குப் போடுற 1 ஸ்கொயர் எம்எம் வயர், 35 மீட்டர், 770 ரூவா, ரெண்டே சுத்து. இதுல தடை மொத்தமே 0.6 ஓம். இந்த ஆம்புக்கு 4 ஓமுக்குக் குறையக்கூடாது, குறைஞ்சா ஷார்ட்னு நினைச்சுக்கும். நான் கவனிக்காம மாட்டினேன், வால்யூமைக் கொஞ்சம் ஏத்தினதும் 'டிக்'னு நின்னுரும், அணைச்சுப் போட்டா திரும்ப வரும், திரும்ப டிக். போர்டுல பாதுகாப்பு இருந்ததால எரியாமத் தப்பிச்சுது. 8.2 ஓம் 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ரெண்டை பேரலலா போட்டு 4.1 ஓம் ஆக்கி லூப்போட சீரியலா சேர்த்தேன். மொத்தம் 4.7 ஓம், ஆம்ப் அதுக்கப்புறம் ஒரு தடவ கூட நிக்கல. இந்த போர்டுல ரெண்டு அவுட்புட் முனையிலயும் சிக்னல் இருக்கும், அதனால லூப்போட எந்த முனையையும் கிரவுண்டுல தொட விட்டுராதீங்க.

எவ்வளவு கரெண்ட் போறதுன்னு பாக்க ரெசிஸ்டரே போதும். போன்ல 400 ஹெர்ட்ஸ் டோன் போட்டு ரெசிஸ்டர் ரெண்டு முனையில மல்டிமீட்டர் வச்சு 5.3 வோல்ட் வர்ற வரைக்கும் வால்யூமை ஏத்தினேன், 4.1 ஓமுக்கு அதுன்னா 1.3 ஆம்பியர். லூப்புக்கான சர்வதேசத் தரத்துல பேச்சோட உச்சத்துக்குக் கேக்கிறது மீட்டருக்கு 400 மில்லிஆம்பியர் காந்தப்புலம், எங்க ஹால் அளவுக்கு ரெண்டு சுத்துல 1.3 ஆம்பியர் போனா நாற்காலியில உக்காந்தவங்க காது உயரத்துல அது கிடைக்கும். அந்த டோனை ரெண்டு நிமிஷம் விட்டதுக்கே ரெசிஸ்டர்ல சூட்டு வாடை வந்துருச்சு, பேச்சுக்கு அவ்வளவு சூடாகாது, இருந்தாலும் பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள வைக்காம தகரத்துல கட்டி காத்தோட்டமா வச்சேன்.

20 வார்த்தை சோதனையில இப்ப 17. சாவி சாவியாவே கேட்டுச்சு.

டிவில இருந்து சத்தம் எடுக்கிறதுல ஒரு சறுக்கல். ஹெட்போன் ஓட்டையில குத்தினா டிவி ஸ்பீக்கர் ஊமையாயிருது, அப்பாவுக்கு மட்டும் சீரியல் கேக்குது, அம்மா வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. டிவிக்குப் பின்னாடி ஆப்டிகல் அவுட் இருந்துச்சு, அதை ஆடியோவா மாத்துற சின்னப் பெட்டி 480 ரூவா. இப்ப டிவி வால்யூம் அம்மாவுக்கு, ஆம்ப் வால்யூம் அப்பாவுக்கு, ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்ல. விளம்பரம் வந்தா டமார்னு ஏறுறது மட்டும் இன்னும் இருக்கு. டிவி மெனுவுல ஆட்டோ வால்யூம் போட்டு ஓரளவு அடக்கியிருக்கேன். லூப்புக்குன்னே விக்கிற ஆம்ப்ல இதைத் தானா சமன் பண்ற சர்க்யூட் இருக்கும், என் போர்டுல இல்ல, அடுத்த தடவ முதல்ல அதைத்தான் சேர்ப்பேன்.

வயர் ஓட்டினது ஸ்கர்டிங் டைல்ஸுக்கு மேல கேசிங் கேப்பிங் வச்சு, 300 ரூவா. ரெண்டு வாசப்படியிலதான் திண்டாட்டம். முதல்ல மிதியடிக்கு அடியில விட்டேன், ரெண்டாவது நாளே அம்மா கால் தட்டி விழப் பாத்தாங்க, அன்னைக்கே எடுத்துட்டேன். நிலை மேல தூக்கி விட்டா லூப் கோணலாகி அந்த இடத்துல சத்தம் குறையுது. கடைசில எலக்ட்ரீஷியன் அண்ணன் கட்டர் வச்சு டைல்ஸ் இணைப்புல ஒரு கோடு போட்டு, வயரைப் படுக்க வச்சு ஒயிட் சிமென்ட் பூசினாரு. இதை முதல் நாளே செஞ்சிருக்கணும்.

எல்லாம் முடிஞ்சதுன்னு நினைச்ச அன்னைக்கு அப்பா "நேத்தைக்கு இன்னைக்கு கம்மி"ன்னாரு. நேத்து சோதனைக்காக ஹால் நடுவுல ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தாரு, இன்னைக்கு வழக்கமான இடத்துல, சுவத்துல சாஞ்சு, அதாவது வயருக்கு நேர் மேல. டோன் போட்டு இண்டக்டர் குச்சியோட ஆம்ப்ல மீட்டர் வச்சேன், நடு ஹால்ல 0.9 வோல்ட், அப்பா நாற்காலியில 0.3. மூணுல ஒரு பங்கு. வயருக்கு நேர் மேல காந்தப்புலம் படுத்துக்கிது, நிக்கிற காயிலுக்குள்ள சரியா நுழையறதில்ல. நாற்காலியை ரெண்டடி முன்னாடி இழுத்தேன், 0.7 ஆச்சு. பீரோ பக்கத்து மூலையில மட்டும் இன்னும் கம்மி, இரும்பு முழுங்கிருது. நாங்க தரைத்தளம், கீழ மண்ணுதான், மாடி வீடா இருந்தா கான்கிரீட்டுக்குள்ள இருக்கிற கம்பியும் இப்படி இழுக்கும்.

செய்தி வாசிக்கிற பொண்ணு வாக்கியத்துக்கு நடுவுல மூச்சை இழுக்குறா பாருங்க, அதை அப்பா கேட்டாரு. முன்னாடி வந்து குனிஞ்சு டிவியைப் பாத்தாரு, திரும்பி எங்கிட்ட, "டேய், இந்தப் புள்ள மூச்சு விடுறது கூட கேக்குதுடா"ன்னாரு. ரெண்டு காதுக்குள்ளயும் வந்து பேசுறா மாதிரி இருக்குதாம். நான் வாசல் பக்கம் போய் நின்னுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் சேர்த்தது சமையக்கட்டு மைக். மேக்ஸ் 9814 மைக் போர்டு, 220 ரூவா, தூரத்துச் சத்தத்தையும் பக்கத்துச் சத்தத்தையும் தானா சமன் பண்ணிக்கும். ஷீல்டு போட்ட மைக் வயர் பழசு ஒண்ணு கிடந்துச்சு, அதுல இழுத்து 10 கிலோஓம் ரெசிஸ்டர் வழியா டிவி சிக்னலோட சேர்த்தேன். எப்பவும் ஆன்ல விட்டப்ப குக்கர் விசில் அப்பா காதுக்குள்ள ஊதிருச்சு, பாவம் பதறிட்டாரு. அதனால காலிங் பெல் சுவிட்ச் ஒண்ணை அடுப்புக்குப் பக்கத்துல வச்சு, அமுக்கினாத்தான் மைக் பேசுற மாதிரி மாத்தினேன். முதல் தடவ அம்மா அமுக்கிட்டு, எப்பவும் போல கத்தப் போனவங்க நிறுத்தி, மெதுவா "ஏங்க, காப்பி ஆறுது"ன்னாங்க. அப்பா டிவியில இருந்து கண்ணை எடுக்காமலே "இந்தா வாரேன்"னாரு. எத்தனை வருஷம் ஆச்சோ அந்தக் குரல்ல அவங்க அவரைக் கூப்பிட்டு.

மொத்தச் செலவு, ஆம்ப் 420, அடாப்டர் 450, ரெசிஸ்டர் 50, மேல சொன்ன மத்ததெல்லாம் கூட்டி, வீணான நெட்வொர்க் கேபிள், கடைக்காரங்களுக்குக் குடுத்த 500 உட்பட 4,800 ரூவா. தப்பில்லாம செஞ்சிருந்தா 400 மிச்சமாயிருக்கும், நாள் கணக்குல பாத்தா ரெண்டு மாசம் ரெண்டு வாரமா சுருங்கியிருக்கும். வேலை வரிசையைத்தான் மாத்துவேன்: மெஷின்ல டி ப்ரோக்ராம், அப்புறம் இண்டக்டர் குச்சி, அதை வச்சு வீட்டு இரைச்சலை ஒழிக்கிறது, கடைசில வயர்.

தீராத ரெண்டு இருக்கு. கரெண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடுறப்ப படிக்கட்டுக்கு அடியில இருந்து 'டர்ர்ர்'னு ஹால் பூரா வருது, எங்களுது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், அதை மாத்துற வரைக்கும் அந்த நேரத்துல அப்பா மைக் ப்ரோக்ராமுக்கு மாறிக்கிறாரு. இன்னொண்ணு, மத்தியானம் கட்டில்ல படுத்துக்கிட்டு பாட்டு கேக்கணும்னு ஆசைப்படுறாரு, ஆனா தலை சாஞ்சதும் காயிலும் சாஞ்சிருது, சத்தம் போயிருது. மிச்சமிருக்கிற மூணு மீட்டர் வயரை எடுத்து வச்சிருக்கேன், தலையணை உறைக்குள்ள வைக்கிற மாதிரி ஒரு வளையம் சுத்திப் பாக்கணும், சின்ன வளையத்துக்கு இவ்வளவு தடிச்ச வயர் வேண்டியதில்லன்னும் தோணுது, அதுக்கு முன்னாடி ஒருக்களிச்சுப் படுத்தா காயில் எந்தப் பக்கம் பாக்குதுன்னு அப்பாவைப் படுக்க வச்சு அளந்துட்டுத்தான் சுத்தணும்.